நாடிச் செல்லும் நிர்வாகம்

பெங்களூர் மாநகரின் தென்கிழக்கில், கோரமங்கலாவை அடுத்து அமைந்திருப்பது ஈஜிபுரா. கட்டட வேலை, வீட்டு வேலை, சிறு வணிகம் முதலிய தொழில்களை நம்பி வாழும் குடும்பங்கள், தமிழ் பேசுவோர் உட்பட, இங்கு நெருக்கமாக வாழ்கின்றன. இங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால், பன்னேர்கட்டா வனத்தை ஒட்டி ஹக்கிபிக்கி என்னும் பழங்குடியினரின் குடியிருப்பு உள்ளது. மேலும் தெற்கே சாமராஜநகர் மாவட்டத்தை அடைந்தால், பிளிகிரிரங்கன் மலையில் சோளகர்களின் சிற்றூர்கள் காணப்படுகின்றன. இவற்றை அவர்கள் 'போடு' என்பர். முதற் பயணத்திற்கு ஒரு மணி நேரம் போதும். இரண்டாவதற்கு அரை நாள் வேண்டும். ஆயினும், ஓர் அரசுத் திட்டம் இந்த இரு மக்களையும் சென்றடைய எடுத்துக்கொண்ட காலத்தைச் சாலையின் நீளத்தால் அளந்து சொல்ல இயலாது.

தொலைவில் வாழும் தொல்குடியினரிடமும் ஓரிடத்தில் நிலைத்திராத நாடோடி மக்களிடமும் பயணம் செய்தவர்கள் பலர். அளவெடுக்கச் சென்றோர், வரி தண்டச் சென்றோர், மருத்துவம் பார்க்கச் சென்றோர், நூல் எழுதச் சென்றோர் என அவர்கள் பல வகையினர். இம்மக்களை நாடிச் செல்லும் நிர்வாகம் எவ்வாறு செல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எங்கே நின்றுவிட வேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவர்கள் யாவர்?

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பழங்குடிப் பட்டியலில் இடம்பெற்றோர் சுமார் 10.43 கோடி, இது மொத்த மக்கள்தொகையில் 8.6 சதவீதமாகும். கர்நாடகத்தில் இவர்கள் ஏறத்தாழ 42.5 லட்சம் பேர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8 லட்சம் பேர். இவர்களுள் மிகவும் நலிந்த நிலையிலுள்ள 75 குழுக்கள் தனியே இனங்காணப்பட்டுள்ளன. கர்நாடகத்தின் ஜேனு குறுபர், கொரகர் ஆகியோரும், தமிழ்நாட்டின் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரும் இவ்வகையில் அடங்குவர்.

நாடோடி மக்கள் இன்னொரு பிரிவினர். இவர்களுள் சிலர் பழங்குடிப் பட்டியலிலும், சிலர் தாழ்த்தப்பட்டோர் பட்டியலிலும், சிலர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலும் உள்ளனர். எப்பட்டியலிலும் சேராதோரும் உளர். தொழிலை அடிப்படையாகக் கொண்டு நோக்கினால் இவர்களை மூவகைப்படுத்தலாம். முதலாவது, வேட்டையும் காட்டு விளைபொருள் சேகரிப்பும் மேற்கொண்டவர். இரண்டாவது, ஆடு மாடுகளை ஓட்டிச் செல்லும் மேய்ப்பர். மூன்றாவது, கூத்து, கழைக்கூத்து, குறி சொல்லுதல், கைவினைப் பொருள் விற்றல் முதலியவற்றால் ஊர் ஊராகப் பிழைப்பவர். நாம் பூம்பூம் மாட்டுக்காரர் என்று அழைப்போரைக் கன்னட நாட்டில் கோலே பசவர் என்பர். அங்குள்ள தொம்பரும் இந்த மூன்றாம் வகையினரே.

பதிவேடு அச்சமூட்டிய காலம்

நாடோடி மக்களுக்கும் அரசுக்கும் இடையிலான உறவு நல்ல முறையில் தொடங்கவில்லை. 1871-இல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. பிறப்பினாலேயே ஒரு சமூகம் முழுவதையும் குற்றவாளிகளாகக் கருத இச்சட்டம் வழிசெய்தது. 1911-ஆம் ஆண்டுச் சட்டம் இதனைச் சென்னை மாகாணத்திற்கும் விரிவுபடுத்தியது. பெயரைப் பதிவு செய்தல், கைரேகை எடுத்தல், குறித்த நேரத்தில் காவல் நிலையத்தில் தோன்றுதல், அனுமதிச் சீட்டின்றி ஊரைவிட்டு வெளியேறாதிருத்தல் ஆகியன இதன் நடைமுறைகள். அலைந்து திரிந்து பிழைக்கும் மக்களுக்கு, நடமாட்டத்தைத் தடுப்பதென்பது பிழைப்பையே தடுப்பதாகும். மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள், இப்பதிவை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள்மீது போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தியதில் பலர் உயிரிழந்தனர்.

அதே காலத்தில் அறிஞர்களும் இம்மக்களிடையே பயணம் செய்தனர். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக விளங்கிய எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் கொண்ட நூலை 1909-இல் வெளியிட்டார். அவருடைய பயண மூட்டையில் மூக்கையும் மண்டையையும் அளக்கும் கருவிகள் இருந்தன. தொகுத்த செய்திகள் ஏராளமாயினும், அளக்கப்பட்டவருக்கு அதனால் விளைந்த பயன் ஏதுமில்லை.

சுதந்திரத்திற்குப் பின் இந்நிலை மாறத் தொடங்கியது. 1949-இல் அனந்தசயனம் ஐயங்கார் தலைமையில் குழு அமைக்கப்பட்டு, அதன் பரிந்துரையின்படி குற்றப் பரம்பரைச் சட்டம் 1952 ஆகஸ்டு 31 அன்று நாடு முழுவதும் நீக்கப்பட்டது. அச்சட்டத்தின் பிடியிலிருந்து விடுபட்டோர் அதுமுதல் சீர்மரபினர் எனப்படுகின்றனர். எனினும், பல மாநிலங்களில் வழக்கக் குற்றவாளிகள் சட்டம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆதலால், கையில் ஏட்டுடன் ஓர் அலுவலர் வருவதைக் கண்டு இம்மக்கள் ஒதுங்கிச் செல்வார்களாயின், அதனை அறியாமை என்று கொள்ளலாகாது. அது மூன்று தலைமுறை கற்ற அனுபவம்.

சான்றிதழ் என்னும் வேலி

ஒரு காலத்தில் பதிவேடு இம்மக்களைக் கட்டிப்போட்டது. இன்றோ, பதிவேட்டில் இல்லாமையே இவர்களை வெளியே நிறுத்துகிறது. வசிப்பிடச் சான்று இல்லாதவருக்குச் சாதிச் சான்று கிடைப்பது அரிது. சாதிச் சான்று இல்லாத குழந்தைக்கு உதவித்தொகை கிடைப்பதில்லை.

மாநில எல்லைகள் இச்சிக்கலை மேலும் கடினமாக்குகின்றன. கன்னடத்தில் 'ஹக்கி' என்பது பறவையைக் குறிக்கும். ஹக்கிபிக்கி என்பது பறவை பிடிப்போர் என்னும் பொருளில் வழங்கும் பெயர். இவர்கள் வீட்டில் பேசுவது வாக்ரி. இது இந்தோ-ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டின் நரிக்குறவர்கள் பேசுவதும் இம்மொழியே. மொழியால் நெருங்கிய இவ்விரு மக்களுள், ஹக்கிபிக்கியர் கர்நாடகத்தில் பழங்குடிப் பட்டியலில் நெடுங்காலமாக இருந்து வந்தனர். நரிக்குறவர், குருவிக்காரர் ஆகியோர் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் இடம்பெற்றது, 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற சட்டத்தினால்தான். லம்பாணி அல்லது பஞ்சாரா மக்கள் கர்நாடகத்தில் தாழ்த்தப்பட்டோர், தெலங்கானாவில் பழங்குடியினர். எல்லையைக் கடந்து நடப்பதே வாழ்க்கையாக உள்ள மக்களுக்கு, ஒவ்வோர் எல்லையிலும் உரிமை மாறுகிறது.

காகிதத்தின் இந்த வலிமையை நகரின் நடுவிலும் காணலாம். ஈஜிபுராவில் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கென மாநகராட்சி அமைத்த அடுக்கு வீடுகள் இருந்தன. 2013 ஜனவரியில் அக்குடியிருப்பு இடித்து அகற்றப்பட்டபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன. முதன்முதலில் ஒதுக்கீடு பெற்றவர் யார் என்னும் கேள்வியே மாற்று வீடு பெறுவதற்கு அடிப்படையாயிற்று. வாடகைக்கு இருந்தோரும், கைமாறிய வீடுகளில் பல்லாண்டு வாழ்ந்தோரும் அக்கேள்விக்கு விடை தர இயலாதவராயினர். நிலையாக வாழ்ந்த குடும்பமே ஒரு காகிதம் இல்லாமையால் ஒரே நாளில் அலைகுடியாக மாறக்கூடுமெனில், தலைமுறை தலைமுறையாக அலைந்தவர்களின் நிலையைக் கூற வேண்டியதில்லை.

பால்கிருஷ்ண ரேங்கே தலைமையிலான தேசிய ஆணையம் 2008-இலும், பிக்கு ராம்ஜி இதாத்தே தலைமையிலான ஆணையம் அதன் பின்னரும் தம் அறிக்கைகளை அளித்தன. நாடோடி, அரை நாடோடி, சீர்மரபினர் ஆகியோருக்கென 2019-இல் நல வாரியம் ஒன்று நிறுவப்பட்டது. கல்விப் பயிற்சி, மருத்துவக் காப்பீடு, வாழ்வாதாரம், வீட்டுவசதி ஆகிய நான்கு கூறுகளைக் கொண்ட 'சீட்' திட்டம், ஐந்தாண்டுகளுக்கு 200 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் 2022 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. ஆனால், இவற்றின் பயனைப் பெறவும் சமூகச் சான்று வேண்டும். சான்று வழங்கும் பணி முன்னே செல்லாவிடில், திட்டம் பின்னே நிற்க நேரும்.

பருவம் அறிந்து செல்லுதல்

நாடோடி மக்கள் நோக்கமின்றித் திரிபவர் என்னும் கருத்து தவறானது. அவர்களுடைய பயணத்திற்குக் காலமும் தடமும் உண்டு. இராமநாதபுரம் பகுதியின் கீதாரிகளை எடுத்துக்காட்டாகக் கூறலாம். தம் ஊரில் மேய்ச்சல் குறையும் காலத்தில் இவர்கள் ஆட்டு மந்தைகளுடன் காவிரிப் படுகையை நோக்கி நடக்கின்றனர். அறுவடை முடிந்த வயல்களில் இரவுதோறும் கிடை போடுகின்றனர். மந்தைக்குத் தாள் கிடைக்கிறது. வயலுக்கு எரு கிடைக்கிறது. கீதாரிக்குக் கூலி கிடைக்கிறது. எந்த மாதத்தில் எந்த ஊரின் வயலில் கிடை இருக்கும் என்பது அவ்வூர் விவசாயிகளுக்குத் தெரியும். கால்நடைத் துறையும் சுகாதாரத் துறையும் அந்த விவசாயியைக் கேட்டால், தடுப்பூசி முகாமை எங்கே நடத்துவது என்பது விளங்கிவிடும்.

மலைவாழ் மக்களுக்கும் இது பொருந்தும். சோளகர்களுக்குத் தேன் எடுக்கும் பருவமும் நெல்லிக்காய் பறிக்கும் பருவமும் வருவாய்க்குரிய நாட்கள். அந்நாட்களின் பகற்பொழுதில் போடுகளில் முதியவரையும் குழந்தைகளையும் தவிர வேறு எவரையும் காண்பது அரிது. அப்போது கூட்டப்படும் முகாமில் வருகை குறைந்தால், மக்களுக்கு அக்கறையில்லை என்று குறிப்பெழுதுவது நியாயமாகாது.

பிளிகிரிரங்கன் மலையில் மருத்துவர் எச். சுதர்சன் மேற்கொண்ட பணி இங்குக் கருதத்தக்கது. அவர் 1981-இல் நிறுவிய விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரம் மருத்துவத்தில் தொடங்கி, கல்வி, தொழிற்பயிற்சி என விரிந்தது. மலையிலேயே தங்கி வாழ்ந்தமையும், சோளகர்களின் மூலிகை அறிவை மதித்தமையும், அவர்களிலிருந்தே பணியாளர்களை உருவாக்கியமையும் இப்பணியின் சிறப்புகள். 1994-இல் இதற்காக அவருக்கு 'ரைட் லைவ்லிஹுட்' விருது வழங்கப்பட்டது.

அதே மலையில் நிலவுரிமை வரலாறு வேறு விதமாக அமைந்தது. 1974-இல் அப்பகுதி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபின், காட்டின் உட்பகுதியில் வாழ்ந்த சோளகர்கள் இடம்பெயர்க்கப்பட்டனர். காட்டு விளைபொருள்களை விற்பதற்கும் பின்னர்த் தடை வந்தது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் புதிய வழியைத் திறந்தது. 2011-இல் இம்மலை புலிகள் காப்பகமானது. அதே ஆண்டு அக்டோபரில் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமைகள் வழங்கப்பட்டன. புலிகள் காப்பகம் ஒன்றினுள் இத்தகைய உரிமை அங்கீகரிக்கப்பட்டது அதுவே முதன்முறை. தம் முன்னோரின் வழிபாட்டிடங்களையும் பழைய போடுகளையும் சோளகர்களே நினைவுகூர்ந்து வரைபடத்தில் குறித்தமை அவர்களுடைய கோரிக்கைக்கு வலுவூட்டியது. எழுத்துச் சான்று இல்லாத இடத்தில் மக்களின் நினைவே சான்றாக ஏற்கப்படலாம் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டாகும்.

போலியோ ஒழிப்பு தந்த பாடம்

நடமாடும் மக்களை முழுமையாகச் சென்றடைவது இயலாத செயல் என்று கருதுவோர் உண்டு. இந்தியாவின் போலியோ ஒழிப்பு இயக்கம் இதற்குத் தக்க மறுமொழியாகும். நோய்க் கிருமி மக்களோடு சேர்ந்து பயணம் செய்வதால், ஒரு குழந்தை விடுபட்டாலும் இயக்கம் தோல்வியுறும் என்பது உணரப்பட்டது. எனவே, நாடோடிகள் கூடாரமிடும் இடங்கள், செங்கல் சூளைகள், கட்டட வேலைத் தளங்கள் ஆகியன தனியே பட்டியலிடப்பட்டன. பேருந்து நிலையங்களிலும் ரயில்களிலும் சொட்டு மருந்துக் குழுக்கள் பணியாற்றின. குடும்ப அட்டையோ பிறப்புச் சான்றோ எவரிடமும் கேட்கப்படவில்லை. மருந்து பெற்ற குழந்தையின் இடக்கைச் சுண்டுவிரலில் இடப்பட்ட மைக்குறியே அன்றைய ஆவணம். அக்குறியைக் குழந்தை தன்னுடனேயே எடுத்துச் சென்றது. நாட்டில் காட்டு வகைப் போலியோ கிருமியால் நேர்ந்த கடைசி நோய் 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பதிவாயிற்று. 2014 மார்ச் 27 அன்று, உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய மண்டலத்துடன் இந்தியாவும் போலியோ அற்றதெனச் சான்று பெற்றது.

இம்முறையைப் பிற துறைகளும் பின்பற்ற இயலும். சிலவற்றில் தொடக்கமும் நிகழ்ந்துள்ளது. 2019-இல் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' ஏற்பாட்டின்கீழ், தகுதியுள்ள அட்டைதாரர் வேறு மாநிலத்திலும் தமக்குரிய தானியத்தைப் பெறலாம். வீடற்றவர் வாக்காளராக விண்ணப்பித்தால், முகவரிச் சான்று கட்டாயமில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அவ்விடம் சென்று அவர் அங்கு உறங்குவதை உறுதி செய்தால் போதும் என்பது தேர்தல் ஆணையத்தின் நெறிமுறை. ஜம்மு-காஷ்மீரில் குஜ்ஜர், பக்கர்வால் மேய்ப்பர்களுடன் மலையேறும் நடமாடும் பள்ளிகள் நெடுங்காலமாக இயங்கி வருகின்றன. இவை அனைத்திலும் அரசே நடக்கிறது. காகிதத்தின் சுமை மக்களின் தோளிலிருந்து இறங்குகிறது.

நடமாட்டம் ஒரு குறை என்னும் எண்ணமும் மறுபரிசீலனைக்கு உரியது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தினால் ஹக்கிபிக்கியரின் வேட்டைத் தொழில் முடிவுக்கு வந்தது. அவர்களுள் பலர் மூலிகை எண்ணெய் முதலியவற்றை விற்கும் வணிகத்திற்கு மாறினர். ஆப்பிரிக்க நாடுகள் வரை சென்றனர். 2023 ஏப்ரலில் சூடான் நாட்டில் போர் மூண்டபோது அங்குச் சிக்கிய இந்தியருள் கர்நாடகத்து ஹக்கிபிக்கியர் பலர் இருந்தனர். 'ஆபரேஷன் காவேரி' நடவடிக்கையின் மூலம் இந்தியர்கள் மீட்கப்பட்டபோதுதான் இவர்களைப் பற்றி நாடு அறிந்தது. மாநில எல்லைக்குள் எட்டாதவர் என்று கருதப்பட்ட மக்கள், கடல் கடந்து வணிகம் நடத்தும் திறனுடையோர் என்பது அப்போது புலனாயிற்று.

செல்லலாகாத இடங்கள்

எல்லா மக்களிடமும் சென்றாக வேண்டும் என்பதும் விதியன்று. அந்தமான் தீவுகளின் அனுபவம் இதனை உணர்த்துகிறது. ஜாரவா மக்கள் 1990-களின் பிற்பகுதியில் தம் காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கினர். 1999-இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. வெளியுலகக் கிருமிகளுக்கு உடலில் எதிர்ப்பாற்றல் இல்லாத மக்களுக்கு, அன்புடன் வரும் விருந்தினரும் ஆபத்தாகக்கூடும். 2004-ஆம் ஆண்டின் ஜாரவா கொள்கை, தலையீட்டை மிகவும் குறைத்துக்கொள்ள வழிவகுத்தது. வடக்கு சென்டினல் தீவில் வாழ்வோருக்குப் பரிசுப் பொருள்களைக் கொண்டு செல்லும் அரசுப் பயணங்கள் 1990-களில் கைவிடப்பட்டன. 1956-ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அத்தீவுக்குள் நுழைவதைத் தடை செய்கிறது. 2018 நவம்பரில் அத்தடையை மீறி அங்குச் சென்ற அமெரிக்கர் ஒருவர் உயிரிழந்தார். தொலைவிலிருந்து காவல் காப்பதும் நிர்வாகத்தின் கடமையே.

1958-இல் ஜவஹர்லால் நேரு, வெரியர் எல்வின் எழுதிய நூலுக்கு வழங்கிய முன்னுரையில் பழங்குடி மக்கள் தொடர்பாக ஐந்து நெறிகளை வகுத்துரைத்தார். அவர்கள் தம் இயல்பின் வழியே வளர வேண்டும். நிலத்திலும் காட்டிலும் அவர்களுக்குள்ள உரிமை மதிக்கப்பட வேண்டும். அவர்களிலிருந்தே நிர்வாகிகள் உருவாக வேண்டும். திட்டங்களை அளவின்றிச் சுமத்தலாகாது. செலவிட்ட தொகையைக் கொண்டு பயனை அளவிடலாகாது என்பன அவற்றின் சாரம். மேலே கண்ட எடுத்துக்காட்டுகள் அந்நெறிகளின் தேவையை இன்றும் வலியுறுத்துகின்றன.

அலுவலர் கவனத்திற்கு

களப்பணிக்குச் செல்லும் அலுவலரும் ஆய்வு மாணவரும் கருத்தில் கொள்ள வேண்டியவை சில. முதலாவது, பயணத்தின் நாள் மக்களின் பருவத்தையும் நேரம் அவர்களின் ஓய்வையும் ஒட்டி அமைய வேண்டும். இரண்டாவது, முதற் பயணத்தில் கேட்பதைக் குறைத்து, மீண்டும் வருவதாகச் சொன்ன நாளில் தவறாமல் வருதல் வேண்டும். நம்பிக்கை பிறப்பது இரண்டாம் பயணத்தில்தான். மூன்றாவது, அம்மக்களின் மொழி அறிந்த ஒருவர், கூடுமானால் அச்சமூகத்தைச் சேர்ந்தவர், உடன் வர வேண்டும். நான்காவது, சான்றிதழ் வழங்கும் அதிகாரமுடையவரே முகாமுக்கு நேரில் வர வேண்டும்; விண்ணப்பத்தை மட்டும் பெற்றுச் செல்பவரால் பயன் சிறிது. ஐந்தாவது, திரட்டிய செய்தி என்னவாயிற்று என்பதை அம்மக்களுக்கே திரும்பச் சொல்ல வேண்டும்.

இவற்றைச் சோதித்துப் பார்க்கும் பெரிய வாய்ப்பு மக்கள்தொகைக் கணக்கெடுப்பாகும். 2011-இல் வீடற்றோர் பிப்ரவரி 28-ஆம் நாள் இரவில் கணக்கிடப்பட்டனர். அவர்களின் தொகை சுமார் 17.7 லட்சம். அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு நடைபெறும் என்றும், சாதி விவரமும் அதில் திரட்டப்படும் என்றும் 2025-இல் அறிவிக்கப்பட்டது. எல்லாச் சாதிகளின் விவரமும் இதற்குமுன் முழுமையாக வெளியிடப்பட்டது 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான். நாடோடிச் சமூகங்கள் தம் சரியான பெயரில், சரியான எண்ணிக்கையில் பதிவாகும் அரிய தருணம் இது. சமூகப் பெயர்களின் உள்ளூர் வழக்குகளை முன்னரே தொகுத்து வைப்பதும், கூடாரமிடும் இடங்களைப் பட்டியலிடுவதும் மாவட்ட நிர்வாகங்கள் செய்யக்கூடியவை. போலியோ இயக்கத்தின்போது தொகுத்த இடங்களின் விவரங்களும் இதற்குத் துணை செய்யும்.

ஓர் இரவின் கணக்கில் விடுபடும் குடும்பம், அதன் பின்னர் வரும் பல ஆண்டுகளின் பள்ளிக்கூடக் கணக்கிலும் மருத்துவமனைக் கணக்கிலும் வீட்டுவசதிக் கணக்கிலும் விடுபட்டே நிற்கும். கூடாரத்தின் வாசலில் ஏட்டுடன் நிற்கும் அலுவலரைக் கண்டு அஞ்சிய மக்கள், அவரை எதிர்நோக்கிக் காத்திருக்கும் நிலை உருவாக வேண்டும். அந்நிலையை உருவாக்குவது அவரது பயண முறையைப் பொறுத்தது.